பாய்ஸ் கம்பெனி தந்த பயிற்சி

நடிப்புத் தொழிலில் கால்வைக்க நினைப்பவருக்கு முதல் தேவை நெடுநாள் மேடைப் பழக்கம் என்பதற்குத் தமிழ் நாடக வரலாறே சான்று. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய சிறுவர் நாடக சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ‘பாய்ஸ் கம்பெனி’ எனப்பட்ட இத்தகைய சபைகளில் தேறியவர்களே. அங்கே சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் மனப்பாடமாக வேண்டும். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். பெண் வேடமும் கட்ட வேண்டும். 1952இல் ‘பராசக்தி’ படத்தில் சிவாஜி பேசிய நீண்ட வசனங்களுக்குப் பின்னே நின்றது அந்தப் பழக்கம்தான்.

அடியும் பள்ளிப்படிப்பின் இழப்பும் அங்கே இருந்தனவே என்பார்கள். உண்மை, அந்தக் கொடுமை திரும்பவே கூடாது. ஆனால் கலை வளர்ந்தது அன்றாட ஒத்திகையாலும் ரசிகர் முன் மீண்டும் மீண்டும் நின்றதாலும்தான். பிரம்புக்கு அதில் பங்கில்லை. அந்த இரண்டையும் மரியாதையோடு தரும் நாடகக் குழுவில் சேர்வதே இன்று தொடங்குபவருக்கு நல்ல வழி.