கோட்டைக்கு முந்திய துறை: அல்லைப்பிட்டியும் ஊராத்துறையும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலின் நடுவே கடற்கோட்டை நிற்கிறது. ஊர்காவற்றுறைக் கரையில் ஐரிக் கோட்டையின் இடிந்த சுவர்களைப் பற்றை மூடியிருக்கிறது. சாந்து உதிர்ந்த இடங்களில் முருகைக்கல்லின் நுண்ணிய கண்ணறைகள் வெளித்தெரிகின்றன. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கடலேரியின் வாயிலைக் காக்க எழுப்பியவை இவை. 1658இல் ஒல்லாந்தரின் முற்றுகையில் குடிநீரின்றிக் கடற்கோட்டை பணிந்தது. தீவகத்தின் துறைமுக வரலாற்றை இக்கோட்டைகளிலிருந்து தொடங்குவோர் பலர். அவ்வாறு தொடங்கினால் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் விடுபட்டுப் போகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதற் சான்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு. கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்ட இது, முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை. பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறைக்கே (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து கூட வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி. படைக்கு வேண்டிய விலங்கைக் கொண்டுவருபவனுக்கு அரசன் கூடுதலாக விட்டுக்கொடுக்கிறான். எப்போதோ ஒதுங்கும் கலத்துக்காக இவ்வளவு நுணுக்கமாகப் பங்கு பிரித்து எவரும் கல்லில் வெட்டுவதில்லை. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட அரசன் இத்துறையில் தமிழில் ஆணையிட்டதும் இங்கு வந்து போன வணிகர் யார் என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது சான்று எதிர்த்தரப்பிலிருந்து வருகிறது. சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் படை நிறுத்தி மரக்கலங்கள் கட்டியதையும், சோழர் தரப்பு அவற்றை அழித்ததையும் சொல்கிறது. பகைவன் தேடிவந்து அழிக்கும் அளவுக்கு அத்துறைக்கு மதிப்பு இருந்தது.

மூன்றாவது சான்று அல்லைப்பிட்டி மண்ணில் கிடக்கிறது. ஊர்காவற்றுறை இருக்கும் அதே வேலணைத் தீவின் கிழக்குமுனை இது. 1970களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் இங்கு கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளை ஆராய்ந்தார். 2018இல் சாங்காய் அருங்காட்சியகக் குழுவும் அகழ்ந்தது. கிடைத்தவை பெரும்பாலும் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட சொங் அரசமரபுக் காலத்து ஓடுகள். தென்சீனச் சூளைகளில் சுட்ட கிண்ணமும் சாடியும் இந்த மணற்பிட்டிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இவை உடைந்த ஒரே கலத்தின் சரக்காக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். அப்படியானாலும் வாதம் தளராது: கலம் கெட்டால் யாருக்கு எவ்வளவு என்று நயினாதீவுக் கல் வகுத்த கடல் இதுவேயன்றோ. ஓடு, ஆணை, போர்ச்செய்தி மூன்றும் தம்முள் தொடர்பின்றிப் பிறந்தவை. ஆயினும் இரு நூற்றாண்டுகளுக்குள் ஒரே கடற்பரப்பைச் சுட்டுகின்றன. போர்த்துக்கேயர் புதிதாக ஒரு துறையைக் கண்டுபிடிக்கவில்லை. பழந்துறையின் வாயிலில் பீரங்கியை ஏற்றினர்.

கடற்கோட்டை இன்று விடுதியாகப் பேணப்படுகிறது. அல்லைப்பிட்டியில் பேணத்தக்க சுவர் எதுவும் இல்லை, மண்படை மட்டுமே உண்டு. ஒருமுறை கிளறினால் அதன் அடுக்கு மீளாது. எனவே அங்கு மணலுக்கோ கட்டடத்துக்கோ தோண்டுமுன் தொல்லியலாளர் மண்ணைப் பார்வையிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். கிடைக்கும் ஓடுகளை ஊர்மக்கள் காணும்படி யாழ்ப்பாணத்திலேயே வைக்க வேண்டும்.