குறியும் கோளும்

டிசம்பர் கடைசியில் புது டைரி வாங்கியதும் நான் செய்யும் முதல் வேலை, ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னால் விட்டிருக்கும் வெற்றுத்தாளில் ஒரு தலைப்பு எழுதுவது. பல ஆண்டுகள் 'புத்தாண்டுச் சபதங்கள்' என்றே எழுதிவந்தேன். அதன் கீழே எண் போட்டுப் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும்: உடம்பைக் குறைப்பது, கடனை அடைப்பது, வேலையில் ஒரு படி மேலே போவது, நிறையப் படிப்பது. பொங்கல் கழிந்த பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. பிசகு தலைப்பிலேயே இருக்கிறதோ என்ற ஐயம் ஒருநாள் எழுந்தது. இந்தப் பொருளுக்கு நாம் வழங்கும் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

சபதம் வடசொல். சாபமும் அதுவும் உடன்பிறப்புகள். 'சப்' என்ற ஒரே வினையடியில் பிறந்தவை. சொன்னதைச் செய்யாவிட்டால் கேடு என்மேல் வரட்டும் என்று தனக்குத் தானே சாபமிட்டுக்கொள்ளும் கனம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பாஞ்சாலி சபை நடுவே அவமானப்பட்டு நின்றபோது அந்தச் சொல்லுக்கு இடமிருந்தது. இரண்டு கிலோ எடை குறைக்க அத்தனை கனம் எதற்கு? தவறினால் குற்றவுணர்வுதான் மிச்சம். நான் பக்கத்தைப் புரட்டாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

அலுவலகத்தில் வழங்குவது 'டார்கெட்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறித்தது சிறு கேடயத்தை. 18ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் குறிபார்த்துச் சுடும் பலகைக்கு அது பெயரானது. உயிரைக் காக்க ஏந்திய பொருள் அடி வாங்க நிறுத்திய பொருளாகிவிட்டது. மார்ச் மாதக் கடைசியில் விற்பனைப் பிரிவில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள்மாற்றம் நெஞ்சில் தைக்கும்.

அடுத்தது இலட்சியம். பெரிய மனிதர்களின் படத்துக்குக் கீழே எழுதும் சொல்லாக இன்று அதை உயரத்தில் வைத்துவிட்டோம். ஆனால் என் பாட்டி அதை அடுப்படியில் புழங்கினார்: "நான் சொல்றத லட்சியமே பண்ண மாட்டேங்கிறான்." பாட்டியின் வழக்கு மூலப்பொருளுக்கு நெருக்கமானது. 'லக்ஷ்' என்ற வடமொழி வினைக்குக் குறியிடுதல், கவனித்தல் என்று பொருள். லட்சியம் என்றால் கவனத்துக்கு உரியது. அதன் எதிர்ச்சொல் நம் வாயில் நாள்தோறும் வருகிறது, உறவு மட்டும் மறந்துபோயிற்று: அலட்சியம். இலட்சியத்துக்கு எதிர் தோல்வி என்றே நினைத்திருந்த எனக்கு, அது கவனியாமைதான் என்று அந்தச் சொல்லே திருத்தம் சொன்னது.

கடைசியாக வந்து சேர்ந்த இடம் குறிக்கோள். குறி என்றால் அடையாளம். சலவைத் தொழிலாளி துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறியைப் பழைய வேட்டிகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான். எத்தனை வெளுப்புக்கும் அது போகாது. நூறு வீட்டுத் துணி கலந்து கிடந்தாலும் நம் வீட்டுத் துணி நம்மிடம் திரும்பிவிடும்.

கோள் என்பது 'கொள்' என்ற வினை நீண்டு பெயரானது. பெறு பேறு ஆனதும் கெடு கேடு ஆனதும் இதே முறைதான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பது இதற்கு இலக்கணப் பெயர். வேண்டுகோள், மேற்கோள், கடற்கோள் எல்லாம் இந்தக் குடும்பம். கடல் நிலத்தைக் கொண்டால் கடற்கோள். குறித்ததை மனம் கொண்டால் குறிக்கோள்.

இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர், நன்னிலத்துக்கு அருகிலுள்ள திருக்கொண்டீச்சரத்தைப் பாடிய தேவாரத்தில் இதை ஆள்கிறார். குழந்தைப் பருவம், இன்பத்தில் திளைத்த இளமை, ஊன்றுகோல் பிடித்த மூப்பு என்று கழிந்த நாள்களை மூன்றாகப் பகுத்துக் கணக்குப் பார்த்து, குறிக்கோள் இல்லாததால் கெட்டேன் என்று இறைவனிடம் முறையிடுகிறார். ஆண்டுக் கடைசியில் நாம் பார்க்கும் கணக்கை அவர் வாழ்நாள் முழுவதுக்குமாகப் பார்த்திருக்கிறார்.

குறி என்ற சொல்லுக்கு இன்னும் பழைய ஆட்சி அகப்பொருள் இலக்கணத்தில் உண்டு. தலைவனும் தலைவியும் சந்திக்க முன்பே பேசிவைத்த இடம் அங்கே குறி எனப்படும். பகலில் வீட்டு எல்லைக்கு வெளியே என்றால் பகற்குறி. இரவில் வீட்டை ஒட்டி என்றால் இரவுக்குறி. அதாவது இடமும் பொழுதும் இல்லாமல் குறி இல்லை. தலைவன் தன் வரவை உணர்த்தப் பறவைகளை எழுப்புவான்; நீரில் காய் விழும் ஓசை எழுப்புவான். சில இரவுகளில் காய் தானாகவே விழும். அவன்தான் என்று வெளியே வந்தவள் ஏமாந்து திரும்புவாள். இதற்கு அல்லகுறி என்று பெயர்.

அதைப் படித்தபோது என் பழைய டைரிகள் கண்முன் வந்தன. நண்பர் மாரத்தான் ஓடினார் என்று நான் எழுதிய வரி, பக்கத்து இருக்கைக்காரர் படிக்கிறார் என்று நான் சேர்ந்த படிப்பு. எங்கோ விழுந்த காயின் ஓசைக்குக் கதவைத் திறந்திருக்கிறேன். 'நிறையப் படிப்பது' என் சொந்த ஆசைதான். ஆனால் அதற்கு இடமும் இல்லை, பொழுதும் இல்லை.

இந்த ஆண்டு தலைப்பை மாற்றி 'குறிக்கோள்கள்' என்று எழுதினேன். கீழே இரண்டே வரிகள். வீட்டுக்கு ஒன்று: இரவுச் சாப்பாட்டுக்குப் பின், கூடத்து நாற்காலியில், பத்துப் பக்கம். வேலைக்கு ஒன்று: திங்கட்கிழமை காலை, மின்னஞ்சலைத் திறக்கும் முன், அரைமணி நேரம் புதுக் கணக்கு மென்பொருளைப் பழகுவது. சில இரவுகள் நாற்காலி காலியாகக் கிடக்கும் என்பது தெரியும். அடுத்த நாள் இரவு அந்த நாற்காலி அங்கேயேதான் இருக்கும்.