சணல் என்னும் தவறான பெயர்

‘தொழில்முறைச் சணல் சாகுபடி’ என்று நாளிதழில் படித்தால் நம் உழவருக்கு நினைவு வருவது சணப்பு. நெல்லுக்கு முன் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழும் பசுந்தாள் உரப்பயிர் அது. சாக்குக் கடைக்காரருக்குச் சணல் என்றால் வங்காளத்தில் விளையும் வேறொரு செடி. செய்தி சணல் என்று சொல்லும் ஹெம்ப் இவ்விரண்டுமல்ல. அது கஞ்சாவின் இனமே.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் நிலையாக நின்றதில்லை. கயிறு திரிக்க உதவும் நார் பலவற்றுக்கும் ஹெம்ப் என்ற பெயர் ஒட்டியது. நம் சணப்பு ‘சன் ஹெம்ப்’ ஆனது. வாழையினத்து அபாக்கா ‘மணிலா ஹெம்ப்’ ஆனது. ஆனால் ஹெம்ப், கன்னபிஸ், பாய்மரத் துணியான கான்வாஸ் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அந்தப் பெயர்கள் நாரின் வழி வந்தவை. கஞ்சா என்ற வடசொல்லோ பூங்கொத்தின் போதையைச் சுட்டியது. 1845 முதல் ஜமைக்காவுக்குப் போன இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு அச்சொல்லும் கடல் தாண்டியது.

பயனைப் பார்த்து மக்கள் பிரித்து வைத்ததைச் சட்டம் ஒன்றாக்கியது. அமெரிக்கா 1937இல் கஞ்சாவுக்கு ‘மரிவானா’ என்ற பெயரில் வரி போட்டது. தண்டுக்கும் நாருக்கும் விலக்கு இருந்தும் பயிர் நலிந்தது. பிலிப்பைன்ஸ் ஜப்பான் வசமாகி மணிலா நார் நின்றதும், 1942இல் அதே அரசு ‘வெற்றிக்கு ஹெம்ப்’ என்று படமெடுத்து உழவர்களை அழைத்தது. 2018இல், போதைப்பொருளான டிஎச்சி உலர் எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத ஹெம்ப்பைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. தாவரவியலாளர்கள் ஸ்மால், குரோன்குவிஸ்ட் 1976இல் வகைப்பாட்டுக்காக வகுத்த கோடு அது.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சா என்பது பூத்த, காய்த்த நுனிகள். நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதிக்கலாம். உத்தராகண்ட் 2018இல் உரிமம் கொடுத்தது. பாங் எனப்படும் இச்செடியின் விதையைத் துவையலாக அரைத்து உண்ணும் குமாவுன் மலையும் அம்மாநிலத்தில்தான் இருக்கிறது.

வயலிலும் வேறுபாடு தெரியும். நார்ப்பயிர் நெருக்கி விதைக்கப்பட்டு, கிளைக்காமல் ஒல்லியாக உயரும். கஞ்சா இடைவெளி விட்டு வளர்க்கப்படுவது, அதில் ஆண்செடிகளைப் பிடுங்கிவிடுவார்கள். நார்வயலின் மகரந்தம் பட்டால் கஞ்சாப்பூ விதை பிடித்துத் தரம் கெடும். ஆகவே நார்ப்பயிருக்குள் கஞ்சாவை ஒளித்து வளர்ப்பது வளர்ப்பவருக்கே நட்டம்.

ஏற்கெனவே இரு செடிகளைச் சுமக்கும் சணல் என்ற பெயரில் மூன்றாவதையும் ஏற்ற வேண்டாம். ‘நார்க்கஞ்சா’ என்றே சொல்லலாம். உழவர் மிரளலாம்தான், ஆனாலும் காவலர் வயலுக்கு வரும்போது உழவர் காட்ட வேண்டியது உரிமமும் ஆய்வகச் சான்றும். இதமான பெயர் அங்கே உதவாது.