டிக்கெட் எடுக்காதவர்களையும் எண்ணும் கடவுள்

(வானொலி மறையுரை – திருவருகைக் காலம்)



நம் ஓரிக்கைக்குக் கடல் தெரியாது. நமக்குத் தெரிந்த தண்ணீர் பாலாறும் ஏரியும்தான். ஆனால் ஓர் ஊர் தன்னை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதை நம் வட்டாரத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும் நாம் வாசிக்கிறோம்.

இன்று நான் பேசப்போவது இன்னோர் ஊரைப் பற்றி. அந்த ஊர் இப்போது இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும் சில இடிந்த சுவர்களும்தான் மிச்சம். அதுதான் தனுஷ்கோடி. அந்த ஊரின் படங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வகை, புயலுக்கு முந்திய படங்கள். ரயில் வந்து நிற்கிறது. அதன் அருகே நீராவிக் கப்பல் காத்திருக்கிறது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். பாலம் வந்த பிறகு சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும். 'போட் மெயில்' தனுஷ்கோடியில் இறக்கிவிடும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மீண்டும் ரயிலேறினால் கொழும்பு. இடையில் கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் அந்நாளில் ஓடின. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், கோவில், நம் தேவாலயம் என்று எல்லாம் இருந்த ஊர் அது.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது, படத்தில் யார் இல்லை என்றும் கேட்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன ஆயிரமாயிரம் ஏழைத் தமிழர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். துறைமுகத்தின் அழகை எடுக்க வந்த கேமராவுக்கு அவர்கள் முகம் முக்கியமாகப் படவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் பல தலைமுறை உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரு அரசுகளும் பேசி முடித்தன. போனவர்கள் திரும்பி வரவேண்டிய வாசல் தனுஷ்கோடி. ஆனால் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அந்த வாசலே கடலுக்குள் போய்விட்டது.

இரண்டாம் வகை, புயலுக்குப் பிந்திய படங்கள். 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு. கிறிஸ்து பிறப்புக்கு மூன்றே நாள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும் நேரத்தில் பேரலை வந்து மொத்தமாக வாரிக்கொண்டு போனது. தந்தி இல்லை, தொலைபேசி இல்லை. ரயில் போய்விட்டது என்று ரயில்வே அறிவித்தது டிசம்பர் 25 அன்றுதான். ஊர்தோறும் கிறிஸ்து பிறப்புத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு அந்தச் செய்தி வந்தது. அந்தப் புயலில் 1,800 பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கு. உயிர் தப்பியவர்கள் பலர் ராமேசுவரம் கோவிலில் அடைக்கலம் புகுந்தார்கள்.

பாம்பன் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலில் விழுந்து, வெறும் தூண்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்று உண்டு. அந்தப் பாலத்தை இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் சரிசெய்தார்கள். கடலடியில் கிடந்த கர்டர்களைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் மீனவர்கள். பாலம் எழுந்தது. தனுஷ்கோடி எழவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

மூன்றாம் வகை, இன்றைய படங்கள். 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போட்டாயிற்று. பவளக் கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள், கூரையில்லாமல், வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பீடம் இருந்த பக்கம் முதுகைக் காட்டி நின்று, சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். எடுப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு பங்கின் கோவில். அங்கே குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுத்தார்கள், இறந்தவர்களுக்கு மன்றாடினார்கள். அருகிலேயே குடிசை போட்டு, மணலில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்து வாழும் மீனவக் குடும்பங்கள் இன்றும் உண்டு. நம் படங்களின் ஓரத்தில்கூட அவர்கள் வருவதில்லை.

அன்புக்குரியவர்களே, இப்படிப்பட்ட அழிவைப் பார்த்ததும் சிலர் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "அந்த ஊர் செய்த பாவம்." தனுஷ்கோடிக்கும் சொன்னார்கள், 2004இல் சுனாமி அன்று நம் மாவட்டத்தில் இருந்த கடற்கரையைத் தாக்கியபோதும் சொன்னார்கள். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசுவே இந்தக் கேள்வியை எடுக்கிறார். சிலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா? இல்லை என்கிறார் ஆண்டவர். பிறகு, செத்தவர்களை எடைபோடுவதை விட்டு, உயிரோடு இருக்கும் நாம் மனம் திரும்பும்படி கேட்கிறார்.

மனம் திரும்புவது என்றால் இங்கே என்ன? அந்த ரயிலில் 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்கிறது பதிவு. ஆனால் பயணிகளின் கணக்கு டிக்கெட்டை வைத்துப் போட்டது. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள், இறந்தவர்கள் இன்னும் அதிகம் என்று அப்போதே பேச்சு இருந்தது. டிக்கெட்டுக்குக் காசில்லாதவன் செத்தவர் கணக்கிலும் சேரவில்லை. மனிதர் வைக்கும் பதிவேட்டின் எல்லை அதுதான். தலைமுடி எல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று ஆண்டவர் சொன்னாரே, அது இவர்களுக்காகவும் சொன்னது. சத்திரத்தில் இடம் கிடைக்காமல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர் அவர். உரோமைப் பேரரசன் மக்கள் தொகையைக் கணக்கிட்ட அந்த நாளில், அவனுக்குக் கணக்கில் ஒரு தலை, வானதூதருக்கோ மீட்பர். கடவுளின் பார்வையை நாமும் கற்றுக்கொள்வதுதான் மனம் திரும்புதல்.

ஆகவே இந்தத் திருவருகைக் காலத்தில் ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய படங்கள் இருக்கும்: கல்யாணப் படம், புதுநன்மைப் படம், தறிக்கு முன்னால் தாத்தா உட்கார்ந்திருக்கும் படம். அவற்றை எடுத்து, வீட்டில் மூத்தவர்களை உட்கார வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். ஓரத்தில் நிற்கும் வேலைக்காரப் பெண்மணியின் பெயரையும் கேளுங்கள். தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு அந்தப் பெயர்களை நம் அன்பியக் கூட்டத்தில் வாசித்து அவர்களுக்காகச் செபியுங்கள்.

டிசம்பர் 22 இரவு, குடிலில் விளக்கேற்றும்போது, தனுஷ்கோடியில் மாண்டவர்களுக்காக ஒரு 'விண்ணுலகில் இருக்கிற' சொல்லுங்கள். பெயர் நமக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும். அவர்கள் அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றியையும், கடலை நம்பி வாழும் நம் சகோதரர்களுக்குப் பாதுகாப்பையும் ஆண்டவர் அருள்வாராக. ஆமென்.