கனடாவிற் பிறந்த கூடைப் பங்கும் எமது முதுமைக் காலமும்

ஈ.ரி.எப். என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும், இலங்கையில் தனியார் நிறுவனங்களிற் பணிபுரிந்தோருக்கு ஊழியர் நம்பிக்கை நிதியமே நினைவுக்கு வரும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவான அந்நிதியத்துக்குத் தொழில் கொள்வோர் சம்பளத்தின் நூற்றுக்கு 3 வீதத்தை ஊழியர் பெயரிற் செலுத்துவர். கனடாவில் அதே மூன்றெழுத்து முற்றிலும் வேறொன்றைக் குறிக்கின்றது. பல நிறுவனங்களின் பங்குகளைத் தன்னுள் அடக்கி, பங்குச் சந்தையில் ஒரே பங்கைப் போல விற்கப்படும் நிதியம் அது. இக்கட்டுரையில் அதனைக் கூடைப் பங்கு என அழைப்போம். முதுமைக்கான சேமிப்பு முழுவதையும் இக்கூடைகளிலேயே இடலாமா என்று எம்மவர் பலர் இன்று வினவுகின்றனர். யான் வரலாறு கற்பித்தவனேயன்றி நிதி வல்லுநன் அல்லன். எனினும் இவ்வினாவுக்கு வரலாற்றிலே விடை உண்டு.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோன் போகிள் என்பவர் ஒரு புதுமையான நிதியத்தைத் தொடங்கினார். எந்த நிறுவனம் வெல்லும் என்று ஊகிக்க நிபுணர்களை அமர்த்தாமல், சந்தைச் சுட்டெண்ணில் உள்ள நிறுவனங்கள் எல்லாவற்றையும் வாங்கி வைப்பதே அதன் நோக்கம். 15 கோடி டொலர் திரளும் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் ஒரு கோடியே 13 இலட்சம் டொலர் மட்டுமே சேர்ந்தது. பலர் நகைத்தனர். போகிள் பின்வாங்கவில்லை.

அந்நிதியத்தைச் சந்தையில் கைமாற்ற இயலாது. 1989இல் அமெரிக்கச் சந்தைகள் கைமாறக்கூடிய சுட்டெண் பங்கு ஒன்றை வெளியிட்டபோது, சிக்காகோ நீதிமன்றத் தீர்ப்பொன்று அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அண்டை நாட்டில் தடைப்பட்ட இக்கருத்து கனடாவில் உயிர் பெற்றது. 1990 மார்ச் 9ஆந் திகதி, 35 பெரிய நிறுவனங்களின் பங்குகளை உள்ளடக்கிய 'ரிப்ஸ் 35' என்னும் கூடைப் பங்கு ரொறன்ரோப் பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தது. இத்தகைய நிதியங்களுள் நிலைத்து வெற்றி கண்ட முதலாவது இதுவே.

அமெரிக்கக் கூடை 1993 ஜனவரியிலேயே பிறந்தது. அதனை வடிவமைத்த நேதன் மோஸ்ற் முன்னர் பண்டகசாலைப் பொருட்களின் வணிகத்தில் ஈடுபட்டவர். சரக்கு களஞ்சியத்தில் இருக்க, அதற்கான பற்றுச்சீட்டு மட்டும் கைமாறுவதை அவர் கண்டிருந்தார். பங்குகளையும் அவ்வாறே ஓரிடத்திற் பூட்டி வைத்து, அவற்றுக்கான சீட்டை விற்கலாம் என்றார். அவர் போகிளை நாடியபோது, மக்கள் அடிக்கடி வாங்கி விற்றுக் கெட்டுப்போவர் என அஞ்சிய போகிள் இணங்கவில்லை. அந்த எச்சரிக்கை இன்றும் எம் நினைவில் இருக்கத் தக்கது.

ரிப்ஸ் 35 பங்கு 2000ஆம் ஆண்டு, 60 நிறுவனங்களைக் கொண்ட வேறொரு கூடையுடன் இணைக்கப்பட்டது. எக்ஸ்.ஐ.யூ. என்னும் குறியீட்டுடன் அது இன்றும் ரொறன்ரோச் சந்தையில் விற்கப்படுகின்றது.

இக்கூடைகளின் முதற் சிறப்பு, செலவு குறைவு என்பதாகும். ஆண்டுக்கு நூற்றுக்கு 2 வீதம் கட்டணம் அறவிடும் பரஸ்பர நிதியங்கள் கனடாவில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. இரண்டு வீதந்தானே என்று எண்ணலாகாது. ஓர் இலட்சம் டொலர் ஆண்டுக்கு 6 வீதம் வளர்வதாக வைத்துக்கொள்வோம். 2 வீதம் கட்டணமாகப் போனால் 25 ஆண்டுகளில் கிடைப்பது ஏறத்தாழ 2 இலட்சத்து 66 ஆயிரம் டொலர். கட்டணம் 0.2 வீதமாயின் அது 4 இலட்சத்து 9 ஆயிரம் டொலர். இடையிலுள்ள ஒரு இலட்சத்து 43 ஆயிரம் டொலர் யாருடைய உழைப்பு என்பதை வாசகர்கள் சிந்திப்பார்களாக.

ஆனாற் கூடை என்பதால் மட்டும் அது பாதுகாப்பாகிவிடாது. இதற்கு எமது மொன்றியல் நகரமே சான்று. 1895இல் இங்கு தொடங்கிய நோர்தேர்ண் எலெக்ரிக் நிறுவனமே பின்னாளில் நோர்ரெல் ஆயிற்று. அதன் பழைய ஆலைக் கட்டடம் பொயின்ற் சென். சார்ள்ஸ் பகுதியில் இன்றும் நிற்கின்றது. 2000ஆம் ஆண்டில் ரொறன்ரோச் சுட்டெண்ணின் மதிப்பில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் நோர்ரெல் ஒன்றினுடையதாகவே இருந்தது. அவ்வாண்டு 124 டொலருக்கு மேல் விற்ற அதன் பங்கு, 2002இல் ஒரு டொலருக்கும் கீழே வீழ்ந்தது. 2009 ஜனவரியில் அந்நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஓய்வூதியர்களின் மாதப் பணமும் பின்னர் குறைக்கப்பட்டது. கூடை வைத்திருந்தோரும் அடிபட்டனர். ஆயினும் கூடை அழியவில்லை. நோர்ரெலை மட்டும் நம்பியோர் அனைத்தையும் இழந்தனர்.

எம்மவர் நிலை என்ன? யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர் ஓய்வூதியத்தை நம்பி வாழ்ந்தார். இங்கு முதியோர் ஓய்வூதியத்தின் முழுத்தொகை, பதினெட்டு வயதின் பின்னர் 40 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்தவருக்கே பொதுவாக உரியது. நாற்பது வயதில் அகதியாக வந்தவர் அறுபத்தைந்தில் பெறுவது நாற்பதில் இருபத்தைந்து பங்கே. கியூபெக் ஓய்வூதியமும் இங்கு உழைத்த ஆண்டுகளையே கணக்கிடுகின்றது. மீதியை நாமே தேட வேண்டும். யான் வந்த புதிதில் சீட்டுக் கட்டினேன். தாய்ச்சி ஓரிரவில் ஊரைவிட்டு மறைந்தபோது, ஒரு மனிதரின் நாணயத்தில் முதுமையைக் கட்டலாகாது என்பதைக் கற்றேன். ஒரே நிறுவனத்தை நம்புவதும் அதற்கு ஒப்பானதே.

ஆகவே சேமிப்பு முழுவதையும் கூடைப் பங்குகளில் இடலாம். ஆனால் ஒரே நாட்டுக் கூடையில் அன்று. கனடா, அமெரிக்கா, பிற நாடுகள் என்பவற்றின் பங்குகளோடு, வயது ஏற ஏறக் கடன்முறிகளும் கூட வேண்டும். இவை யாவையும் ஒரே பங்கில் அடக்கிய கூடைகள் 2018 முதல் கனடாவில் விற்கப்படுகின்றன. முறிகளும் சில ஆண்டுகளில் வீழும். 2022இல் பங்குகளோடு அவையும் வீழ்ந்தன. ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் இடலாகாது.

வருமானம் குறைந்தோர் மற்றொன்றையும் கவனிக்க. 2009இல் வந்த வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கில் இக்கூடைகளை வைத்து எடுக்கும் பணம், முதியோருக்கான வருமான உபகாரப் பணத்தைக் குறைக்காது. 1957 முதல் உள்ள ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கிலிருந்து எடுப்பது குறைக்கும்.

வீட்டையும் வளவையும் ஒரே நாளில் விட்டுவந்தவர்கள் நாம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்திருப்பதன் விலையை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.