இந்துஸ்தானி காப்பி இல்லம்

இந்துஸ்தானி காப்பி இல்லம் என்பது 1810 ஆம் ஆண்டு இலண்டனில் சேக் தீன் முகமது என்பவரால் தொடங்கப்பட்ட உணவகம் ஆகும். பிரித்தானியாவில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் இந்திய உணவகமாக இது கருதப்படுகிறது. 1759 இல் பாட்னாவில் பிறந்த முகமது, கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையில் பணியாற்றிப் பின்னர் அயர்லாந்தில் குடியேறியவர்.

போர்ட்மன் சதுக்கத்தை அடுத்த ஜார்ஜ் தெருவில் இவ்வில்லம் அமைந்திருந்தது. பெயரில் காப்பி இருந்தாலும், இந்திய உணவுகளும் மூங்கில் நாற்காலிகளும் ஹூக்காவுமே இதன் சிறப்புகள். இந்தியாவிலிருந்து செல்வத்துடன் திரும்பிய ஆங்கிலேயரை நம்பியே முதலீடு செய்யப்பட்டது. ஆனால் அவர்களுட் பலர் இந்தியச் சமையல் அறிந்த பணியாளர்களை வீட்டிலேயே வைத்திருந்தனர். 1812 இல் முகமது நொடிப்பு நிலையை அடைந்தார். பிற்காலத்தில் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் நடத்திப் பெரும்புகழ் பெற்றார். உணவகம் இருந்த தெருவில் 2005 இல் நினைவுப் பலகை பொருத்தப்பட்டது.