குடியிருப்புத் தெருக்களின் பாதுகாப்பு வடிவமைப்பு

நடந்து செல்வோரும் சைக்கிளில் செல்வோரும் அச்சமின்றிப் போய்வரும் வகையில் தெருவின் அகலம், முனை, தளம், நடைபாதை ஆகியவற்றை அமைக்கும் முறை இது. ஓட்டுநரின் பொறுமையை மட்டும் நம்பாமல், வேகமாக ஓட்ட முடியாதபடி தெருவையே அமைப்பது இதன் அடிப்படை. மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் வண்டி மோதினால் நடப்பவர் பெரும்பாலும் உயிர் பிழைப்பார்; வேகம் 50-ஐத் தாண்டினால் உயிரிழப்பு ஆபத்து பல மடங்காகும்.

வரலாறு

மோட்டார் வண்டிகள் பெருகுமுன் தமிழ்நாட்டுத் தெருக்கள் பெரும்பாலும் நடப்பவர்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் உரியவை. தாமிரபரணியைப் படகில் கடந்துவந்த திருநெல்வேலி, பாளையங்கோட்டை மக்கள் 1843-இல் சுலோச்சன முதலியார் பாலம் திறக்கப்பட்டபின் இரு ஊர்களுக்கிடையே நடந்தே போய்வந்தனர். 20-ஆம் நூற்றாண்டில் சாலைகள் மோட்டார் வண்டிகளின் தேவைக்கேற்பத் திருத்தப்பட்டன. நடப்பவர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்.

இப்போக்குக்கு மாற்று நெதர்லாந்தில் பிறந்தது. 1960-களின் இறுதியில் டெல்ஃப்ட் நகரில் மரத்தொட்டிகளும் வளைவுகளும் வைத்து, வண்டிகள் மெல்லச் செல்லும் 'வூனெர்ஃப்' தெருக்கள் உருவாயின. 1976-இல் அவற்றுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. 1992-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் முதன்மைச் சாலைகள் தவிர்த்த தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பைக் கொண்டுவந்தது.

இந்தியாவில், வண்டிகளைவிட மக்களின் நகர்வே முதன்மை என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. நடைக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றது; 2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

வடிவமைப்புக் கூறுகள்

இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை, நடைபாதையில் தடையற்ற 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே கடக்க அது போதும். கடை விளம்பரப் பலகை, மின்கம்பம், நிறுத்திய பைக் ஆகியவை இந்த அகலத்துக்குள் வரக்கூடாது. தெருமுனையின் வளைவைச் சுருக்கினால் திரும்பும் வண்டி வேகம் குறைக்கும். சாலையைக் கடக்கும் தூரமும் குறையும்.

பேராய நெறிமுறைப்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க உகந்தது. அளவின்றிக் குவிக்கப்படும் செங்குத்தான மேடு சைக்கிளில் வருபவரையே முதலில் கீழே தள்ளும்.

பாளையங்கோட்டை

பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த இவ்வூரில் 1890-இல் பார்வையற்றோர் பள்ளியும், 1897-இல் காதுகேளாதோர் பள்ளியும் தொடங்கப்பட்டன. காது கேளாதவரை ஹாரன் எச்சரிக்காது. பார்வையற்றவருக்கு வெள்ளைக் கோடு வழிகாட்டாது. தொட்டுணரும் தடக் கற்கள், தொடர்ச்சியான நடைபாதை, மெல்ல வரும் வண்டி ஆகியவையே இவர்களுக்குப் பாதுகாப்பு. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது.